பெல்மாருக்கு நடந்தே வந்தவர் எத்தனை பேர்?

மாணிக்கவேல் (லேக்வுட், கொலராடோ), காலை 7:40

சென்ற வாரம் வீட்டு வாடகை பற்றிய இழையில் நண்பர் இளம்பரிதி போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டுப் போனார். "புறநகர் மால்களின் காலம் முடிந்துவிட்டது, அவை நின்ற இடத்தில் மக்கள் நடந்து வாழும் ஊர் மையங்கள் எழுந்துவிட்டன, லேக்வுட்டின் பெல்மாரைப் பார்த்தாலே போதும்" என்பது அவர் எழுதியது. ஆறு நாளாக அந்த வரி என்னை உறுத்துகிறது. நான் 1998 முதல் டென்வரின் புறநகரான இந்த லேக்வுட்டில் குடியிருக்கிறேன். பெல்மார் வருவதற்கு முன் அதே இடத்தில் நின்ற வில்லா இட்டாலியா மாலுக்குள் நடந்தவன் நான். அதை இடித்தபோது வேலிக்கு வெளியே நின்று பார்த்தவனும் நான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வாட்ஸ்வொர்த் சாலையும் அலமீடா சாலையும் சந்திக்கும் முனையில் 1966இல் திறக்கப்பட்ட மால் அது. ஏறத்தாழ 14 லட்சம் சதுர அடி. கடைகள் ஒவ்வொன்றாகக் காலியாகி 2001இல் மூடப்பட்டது. பிறகு கன்டினியம் பார்ட்னர்ஸ் என்ற நிறுவனம் நகராட்சியோடு சேர்ந்து, சுமார் 104 ஏக்கர் நிலத்தைத் தெருக்களாகப் பிரித்து, கீழே கடையும் மேலே வீடும் அலுவலகமுமாகக் கட்டி, 2004இல் முதல் பகுதியைத் திறந்தது. இதுதான் பெல்மார். கட்டடங்கள் அழகாக இருக்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. அங்கே வருகிறவர்களில் தம் வீட்டு வாசலிலிருந்து நடந்தே வந்தவர் எத்தனை பேர்? அலாஸ்கா டிரைவில் நின்றால் ஊர்க் கடைத்தெரு போலத்தான் தெரியும். அந்தக் கடைவரிசைக்குப் பின்னால் போய்ப் பாருங்கள்; அடுக்கடுக்காகக் கார் நிறுத்தும் கட்டடங்கள் நிற்கின்றன. நடந்து வருகிற ஊருக்கு அத்தனை பார்க்கிங் எதற்கு? முன்பு வெட்டவெளியில் பரந்து கிடந்ததை அடுக்கிக் கடைக்குப் பின்னால் ஒளித்துவைத்திருக்கிறார்கள். இளம்பரிதி இதற்குப் பதில் சொல்லட்டும்.

இளம்பரிதி (அரோரா, கொலராடோ), காலை 9:15

மாணிக்கவேல் ஐயா, நான் எழுதிய வரியிலிருந்து நான் பின்வாங்கப் போவதில்லை. நகரத் திட்டமிடலை மூன்று ஆண்டுகள் முறையாகப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பார்க்கிங் இருப்பதும் நடப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல.

பழைய மாலில் என்ன நடந்தது? காரை நிறுத்தினீர்கள், உள்ளே போனீர்கள், திரும்பிவந்து காரை எடுத்தீர்கள். மருத்துவரைப் பார்க்க வேண்டுமானால் மறுபடியும் கார். வங்கிக்கு மறுபடியும் கார். படத்துக்கு மறுபடியும் கார். பெல்மாரில் ஒருமுறை காரை நிறுத்திவிட்டு நான்கு வேலைகளை நடந்தே முடிக்கலாம். பனிக்காலத்தில் நடுவில் உள்ள சதுக்கத்தில் ஐஸ் ஸ்கேட்டிங் தளம் போடுகிறார்கள்; பிள்ளை அங்கே விளையாடும் நேரத்தில் தாய் எதிர்க் கடைக்குப் போய் வருகிறார். காரை நிறுத்திய இடத்திலிருந்து தொடங்கும் அந்த நடையை நடை என்று ஏற்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தால் நான் என்ன செய்வது?

அந்தப் பார்க்கிங் கட்டடங்களின் கூரையில் சூரிய மின்தகடுகள் பதித்திருப்பதையும் வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர் கவனித்திருக்கலாம்.

மாணிக்கவேல், காலை 9:52

காரை நிறுத்திய இடத்திலிருந்து தொடங்குவது நடை என்றால், வில்லா இட்டாலியாவிலும் நாங்கள் நடக்கத்தான் செய்தோம். ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை, இரு பக்கமும் கடைகள் பார்த்தபடி, மழையும் பனியும் மேலே படாமல் நடந்தோம். அப்படியானால் எந்த மாலும் உங்கள் கணக்கில் ஊர் மையம்தான். கூரையைக் கழற்றியதைத் தவிர என்ன மாறியது? என் கேள்வி வீட்டிலிருந்து நடந்து வருகிறவர் எத்தனை பேர் என்பது. மின்தகட்டைப் பற்றி நான் கேட்கவில்லை.

கயல்விழி (லேக்வுட், கொலராடோ), முற்பகல் 11:30

நான் பெல்மாருக்குள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஐந்தாண்டுகள் வாழ்ந்தவள். இப்போது இருப்பது அங்கிருந்து பத்து நிமிட நடைத் தொலைவில். எண்ணிக்கை கேட்கிறீர்கள் அல்லவா, ஐயா? என்னிலிருந்தே தொடங்குங்கள்.

என் அம்மா மதுரையிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருந்தார். அதற்கு முன்பு ஒருமுறை வந்தபோது நாங்கள் ஊருக்கு வெளியே தனிவீட்டுப் பகுதி ஒன்றில் குடியிருந்தோம். அங்கே அவர் பட்ட பாட்டை இங்கே பெற்றோரை வரவழைத்த எல்லோரும் அறிவார்கள். காலையில் நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விட்டால் மாலை வரை சன்னல்தான் துணை. வாசலில் இறங்கினால் நடைபாதை இருக்கும். ஆனால் அது எந்தக் கடைக்கும் எந்த மனிதரிடமும் கொண்டுபோய் விடாது. "இது என்ன ஊர், ஆள் நடமாட்டமே இல்லை" என்று தினமும் தொலைபேசியில் அக்காவிடம் சொல்வார்.

பெல்மாருக்கு வந்த பிறகு அதே அம்மா, ஆங்கிலம் பத்து வார்த்தை மட்டும் தெரிந்தவர், காலை ஏழு மணிக்குப் புடவைக்கு மேல் என் பழைய கோட்டை மாட்டிக்கொண்டு, சித்திரை வீதியைச் சுற்றுவது போல டெல்லர் தெருவையும் அலாஸ்கா டிரைவையும் சுற்றி வருவார். ரொட்டிக் கடைப் பெண் அவர் வருவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்ததும் கதவைத் திறந்துவிடுவாள். பால் வாங்கி, மீதிச் சில்லறையை எண்ணிச் சரிபார்த்து, கைப்பையின் உள்ளறையில் வைத்துக்கொண்டு திரும்புவார். ஆறு மாதத்தில் என்னிடம் "எங்கேயாவது கூட்டிக்கொண்டு போ" என்று அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அந்த ஆறு மாதத்தை எந்தப் பார்க்கிங் கட்டடத்தை வைத்து நீங்கள் கழிப்பீர்கள்?

மாணிக்கவேல், நண்பகல் 12:10

உங்கள் அம்மா நடந்ததை நான் மதிக்கிறேன், அம்மா. அதை ஒன்று என்று எழுதிக்கொள்கிறேன். உங்களையும் சேர்த்தால் இரண்டு. அந்தப் பார்க்கிங் கட்டடங்களில் ஒரு சனிக்கிழமை மாலை நிற்கும் கார்களின் எண்ணிக்கை என்ன? அதைச் சொல்லாமல் அம்மாவைச் சொல்வது பதில் ஆகாது.

துரைசிங்கம் (ஸ்கார்பரோ, கனடா), பிற்பகல் 1:05

நான் அந்த ஊர்க்காரன் அல்லன். ஆனாலும் கடைத்தொகுதிகளை இப்படி ஒரேயடியாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதைப் பொறுக்க முடியாமல் எழுதுகிறேன். நாங்கள் 1980களின் கடைசியில் யாழ்ப்பாணத்தை விட்டு இங்கே வந்து இறங்கியபோது எங்களிடம் வாகனம் இருக்கவில்லை. ஸ்கார்பரோ டவுன் சென்ரர் 1973இல் திறந்த கடைத்தொகுதி. அதன் பக்கத்திலேயே பஸ் நிலையமும் 1985 முதல் ஆர்.ரி. எனப்படும் ரயிலும் இருந்தன. மைனஸ் இருபது குளிரில் புதிதாக வந்த எங்கள் சனங்கள் ஒருவரையொருவர் சந்தித்ததும், வேலை விசாரித்ததும், ஊர்ப்புதினம் கேட்டதும் அந்தக் கூரையின் கீழேதான். ஆகவே வாகனத் தரிப்பிடம் இருந்தபடியால் கடைத்தொகுதி கெட்டது என்பதும் பிழை. கூரை இல்லாதபடியால் பெல்மார் நல்லது என்பதும் பிழை. பஸ் வருகிறதா இல்லையா என்பதே கேள்வி. அந்த ஆர்.ரி. ரயில் 2023 யூலையில் தடம் புரண்டு அத்தோடு நிறுத்தப்பட்ட பிறகு அதே சனங்கள் பட்ட கஷ்டத்தை நான் கண்ணால் கண்டேன்.

இளம்பரிதி, பிற்பகல் 1:40

துரைசிங்கம் ஐயா சொல்வது கனடாவுக்குப் பொருந்தும். அங்கே புறநகரிலும் பேருந்து அடிக்கடி ஓடுகிறது. கொலராடோவின் கதை வேறு. அதோடு "தரிப்பிடம்" என்றால் பேருந்து நிற்கும் இடம் என்றுதான் இங்கே பலர் புரிந்துகொள்வார்கள். வாகன நிறுத்தம் என்று எழுதினால் குழப்பம் வராது.

துரைசிங்கம், பிற்பகல் 1:58

வாகனத் தரிப்பிடம் என்பது எங்கள் ஊரில் அறிவிப்புப் பலகைகளில் எழுதப்படும் சொல். சொல்லில் குழப்பம் இல்லை, தம்பி. நகரத் திட்டமிடல் மூன்று ஆண்டுகள் படித்தவர், இன்னொரு நாட்டுத் தமிழையும் அரை நாள் படித்திருக்கலாம்.

மாணிக்கவேல், பிற்பகல் 2:20

துரைசிங்கம் அண்ணன் பேருந்தைப் பற்றிச் சொன்னது என் கேள்விக்கு வலுச் சேர்க்கிறது. லேக்வுட்டுக்கு ரயில் வந்தது 2013 ஏப்ரலில். டபிள்யூ லைன் என்று பெயர். வாட்ஸ்வொர்த் நிலையத்தில் இறங்கினால் பெல்மார் ஒன்றரை மைலுக்கும் மேல் தெற்கே இருக்கிறது. ரயிலுக்கு முன் ஒன்பது ஆண்டுகளாக ஊர் மையம் நிற்கிறது. ரயில் வந்தபோதும் அந்த மையத்தைத் தொடவில்லை. நடந்து வாழும் மையம் என்று பெயர் வைத்துவிட்டு, ரயிலை வேறு இடத்தில் விட்டு, பின்னால் பார்க்கிங் கட்டடம் கட்டினால் மக்கள் எதில் வருவார்கள்?

இன்னொன்றும் உண்டு. ஊர் மையம் என்றால் ஊராட்சி மன்றமும் நூலகமும் அங்கே இருக்க வேண்டும் அல்லவா? லேக்வுட் நகராட்சி அலுவலகமும், பெல்மார் என்றே பெயர் கொண்ட நூலகமும் வாட்ஸ்வொர்த் சாலைக்கு மேற்கே இருக்கின்றன. பெல்மார் கடைத்தெரு சாலைக்குக் கிழக்கே. நடுவில் ஆறு தடத்தில் கார்கள் பாய்கின்றன. நூலகத்தில் புத்தகம் எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்கு நடந்து போன பிள்ளையை நான் இதுவரை கண்டதில்லை. இளம்பரிதி, நீங்கள் அரோராவிலிருந்து பெல்மாருக்கு எதில் வருகிறீர்கள்?

இளம்பரிதி, பிற்பகல் 3:05

காரில்தான் வருகிறேன். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ரயில் இருந்தால்தான் ஊர் மையம் என்பது உங்கள் வாதமானால் டென்வரின் இன்னொரு புறநகரான எங்கிள்வுட்டைப் பாருங்கள். அங்கே 1968இல் திறந்த சிண்டரெல்லா சிட்டி என்ற மால் அதன் காலத்தில் நாட்டின் மிகப் பெரிய மால்களில் ஒன்று. 1990களின் கடைசியில் அதை இடித்தார்கள். 2000ஆம் ஆண்டு லைட் ரயில் நேராக அங்கே வந்தது. பழைய டிபார்ட்மென்ட் ஸ்டோர் கட்டடம் ஒன்றை மட்டும் இடிக்காமல் விட்டு, அதற்குள் நகராட்சி அலுவலகத்தையும் நூலகத்தையும் கொண்டுவந்தார்கள். நீங்கள் கேட்ட ரயில், நகராட்சி, நூலகம் மூன்றும் அங்கே ஒரே இடத்தில் இருக்கின்றன.

மாணிக்கவேல், பிற்பகல் 3:22

எங்கிள்வுட்டின் மீதிப் பாதியை ஏன் விட்டுவிட்டீர்கள்? ரயிலை விட்டு இறங்கி, நகராட்சிக் கட்டடத்தைத் தாண்டி நடந்தால் கண்ணுக்கு முன்னால் வருவது வால்மார்ட். அதன் முன்னால் விரிந்து கிடப்பது பார்க்கிங் வெளி. மாலை இடித்து ரயிலையும் கொண்டுவந்த இடத்திலேயே இப்படி. எங்கே போனாலும் நாம் பார்க்கிங்கில்தான் வந்து நிற்கிறோம் என்று நான் சொன்னதற்கு நீங்களே ஒரு சாட்சியைக் கூட்டிவந்திருக்கிறீர்கள்.

மால்களின் காலம் முடிந்தது என்றீர்கள். வில்லா இட்டாலியாவை மூடிய மறுஆண்டே, 2002இல், இதே லேக்வுட்டில் கொலராடோ மில்ஸ் என்ற, கூரை போட்ட புத்தம் புதிய மால் திறக்கப்பட்டது. 2017 மே மாதம் ஆலங்கட்டி மழையில் அதன் கூரை சிதைந்து பல மாதங்கள் மூடிக் கிடந்தது. காலம் முடிந்த மாலாக இருந்தால் அப்போதே விட்டிருப்பார்கள். பழுது பார்த்து அதே ஆண்டில் திறந்தார்கள். ஒரே ஊரில் ஒரு மால் செத்ததையும் இன்னொரு மால் பிறந்ததையும் பார்த்தவனிடம் காலம் முடிந்தது என்று சொல்வதற்கு ஓர் அடக்கம் வேண்டும்.

செந்தில்நாதன் (சென்டெனியல், கொலராடோ), மாலை 4:10

கணக்கர் என்ற முறையில் ஒரு விளக்கம் தருகிறேன். கொலராடோ நகராட்சிகள் விற்பனை வரியை நம்பி வாழ்கின்றன. மால் காலியானால் முதலில் காய்வது நகராட்சிக் கருவூலம். ஆகவே செத்த மால் நிலத்தில் வீடுகளை மட்டும் கட்ட எந்த நகராட்சியும் விரும்பாது. கடை வேண்டும், கடைக்குக் கூட்டம் வேண்டும், கூட்டம் சுற்றுப்புறம் முழுவதிலிருந்தும் வர வேண்டும். பார்க்கிங் கட்டடத்தின் பிறப்பு இங்கேதான். அதைக் கட்டவும் தெருக்களை அமைக்கவும் வாங்கிய கடனை யார் அடைக்கிறார்கள்? பெல்மாரில் வாங்கிய ரசீதை எடுத்துப் பாருங்கள். விற்பனை வரியோடு "பொது மேம்பாட்டுக் கட்டணம்" என்று ஒரு தொகையும் தனியாக விழுந்திருக்கும். நடந்து வந்தவரும் அதைக் கட்டுகிறார், காரில் வந்தவரும் கட்டுகிறார்.

ஒரு கார் நிற்க, அது திரும்பும் வழியையும் சேர்த்து, முந்நூறு சதுர அடிக்கு மேல் வேண்டும். சென்னைக் கணக்கில் ஒரு கிரவுண்டில், அதாவது 2,400 சதுர அடியில், ஏழெட்டு கார்தான் நிற்கும். பழைய மால்களில் ஆயிரம் சதுர அடிக் கடைக்கு ஐந்து கார் என்ற வீதத்தில் இடம் விட்டார்கள். அதாவது கடையைவிடக் கார் நிற்கும் இடம் பெரியது. அதை அடுக்கிக் கட்டியதால்தான் நடுவில் தெரு போட நிலம் கிடைத்தது. ஒளித்துவைத்தார்கள் என்று மாணிக்கவேல் சொல்வதை நான் இடம் மிச்சம் பிடித்தார்கள் என்று சொல்வேன்.

மாணிக்கவேல், மாலை 4:31

நன்றி, செந்தில்நாதன். கூட்டம் சுற்றுப்புறம் முழுவதிலிருந்தும் வர வேண்டும், பார்க்கிங் அதற்காகத்தான் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். நடந்து வருகிறவரை நம்பி அது கட்டப்படவில்லை என்பதுதானே என் வாதம்?

செந்தில்நாதன், மாலை 4:40

நான் எழுதியதில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறீர்கள். போன ஆண்டு தமிழ்ப் பள்ளி வாடகைக் கணக்கிலும் நீங்கள் இதையேதான் செய்தீர்கள்.

கயல்விழி, மாலை 5:25

வீட்டிலிருந்து நடந்து வருகிறவர் எத்தனை பேர் என்று காலையிலிருந்து ஐந்து முறை கேட்டுவிட்டீர்கள், மாணிக்கவேல் ஐயா. நடக்கும் தூரத்தில் வீடு இருந்தால்தானே நடந்து வர முடியும்? 2019 யூலையில் லேக்வுட்டில் ஒரு சிறப்புத் தேர்தல் நடந்தது. ஊரில் ஆண்டுக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் புதிய வீடுகள் கட்டக் கூடாது என்ற கட்டுப்பாட்டுக்கு மக்கள் வாக்களித்தார்கள். இதே தளத்தில் அதை ஆதரித்துப் பக்கம் பக்கமாக எழுதியவர் நீங்கள். "நெரிசல் வரும், பார்க்கிங் கிடைக்காது" என்று எழுதினீர்கள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வீடு கட்டவும் விட மாட்டேன், நடந்து வருகிறவர் எங்கே என்றும் கேட்பேன் என்றால் எப்படி? 2023இல் மாநிலச் சட்டமன்றமே அப்படிப்பட்ட கட்டுப்பாடுகள் செல்லாது என்று சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

மாணிக்கவேல், மாலை 5:48

அந்தத் தேர்தலில் எனக்கு வாக்கு இருந்தது, போட்டேன். அதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. அப்போது குடியுரிமை இல்லாமல் இருந்தவர்கள் அந்த முடிவைப் பற்றி இன்று எனக்குப் பாடம் எடுப்பது வியப்பாக இருக்கிறது.

கயல்விழி, மாலை 5:55

குடியுரிமை இல்லாதவரும் அதே விற்பனை வரியை, அதே பொது மேம்பாட்டுக் கட்டணத்தைக் கட்டினோம். வாக்கு இல்லை என்பதற்காகக் கண் இல்லை என்று ஆகிவிடாது. இந்தச் சொல்லை நீங்கள் திரும்பப் பெற வேண்டும்.

இளம்பரிதி, மாலை 6:20

கயல்விழி கேட்டதை நானும் கேட்கிறேன். அந்தச் சொல் இங்கே தேவையற்றது.

விவாதத்துக்கு வருகிறேன். கூரை போட்ட மாலை முதலில் வடிவமைத்தவரே அதைக் கைவிட்டார் என்பது மாணிக்கவேல் ஐயாவுக்குத் தெரிந்திருக்கட்டும். வியன்னாவிலிருந்து 1938இல் அமெரிக்கா வந்த கட்டடக் கலைஞர் விக்டர் குரூன், 1956இல் மினசோட்டாவின் ஈடைனாவில் திறக்கப்பட்ட சவுத்டேல் மாலை வடிவமைத்தார். வெப்பம் சீராக்கப்பட்ட முதல் மூடிய மால் அது. தம் ஊரின் சதுக்கத்தைப் போல மக்கள் கூடிப் பேசும் இடம் வேண்டும், சுற்றிலும் வீடும் பள்ளியும் மருத்துவமனையும் வேண்டும் என்று அவர் திட்டமிட்டார். சுற்றி வந்தது கார் நிற்கும் கடல். 1978இல் லண்டனில் பேசியபோது இந்த மால்களுக்குத் தாம் தந்தை அல்ல என்று கைகழுவினார். அவர் கனவில் இருந்து கைவிடப்பட்ட பாதியைத்தான் பெல்மார் போன்றவை இப்போது கட்டுகின்றன. புளோரிடாவின் போகா ரட்டோனில் 1974இல் திறந்த மால் இருபது ஆண்டுகூடத் தாங்கவில்லை; அதை இடித்து 1991இல் மைஸ்னர் பார்க் என்ற, வீடும் கடையும் கலந்த மையத்தைத் திறந்தார்கள். அங்கேயும் கார்கள் பின்னால், மனிதர்கள் முன்னால். கார் பின்னால் போனதே பெரிய மாற்றம் என்பதை எத்தனை முறை சொன்னாலும் உங்களுக்குப் பின்பக்கம் மட்டுமே தெரிகிறது.

மாணிக்கவேல், இரவு 8:05

சாப்பிட்டுவிட்டு நிதானமாக எழுதுகிறேன்.

இந்த இடத்தைப் பற்றி நான் ஏன் இவ்வளவு சூடாகிறேன் என்று மகள் கேட்டாள். 1999 டிசம்பரில் என் தந்தை தஞ்சாவூரிலிருந்து வந்தார். அறுபத்தெட்டு வயது, சர்க்கரை நோய், தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொல்லியிருந்தார் மருத்துவர். வந்த இரண்டாம் வாரமே எங்கள் குடியிருப்பின் படியில் பனிக்கட்டியில் சறுக்கி விழுந்தார். மணிக்கட்டில் கட்டு. அதற்குப் பிறகு வெளியே நடக்க அஞ்சினார். பக்கத்து வீட்டு முதியவர் ஒருவர், கொரியப் போரில் இருந்தவர், "என்னோடு வரச் சொல்" என்று கூப்பிட்டு, காலையில் வில்லா இட்டாலியாவுக்குக் கூட்டிப்போனார். கடைகள் திறப்பதற்கு முன்பே கதவைத் திறந்துவிடுவார்கள். உள்ளே கதகதப்பாக இருக்கும். தரை சமமாக இருக்கும். வெள்ளைக் காலணி போட்ட முதியவர்கள் இருவர் இருவராக வேகமாக நடப்பார்கள். அப்பா வேட்டிக்கு மேல் ஸ்வெட்டர், கழுத்தில் மஃப்ளர், ஒரு கையில் கட்டு. ஆங்கிலம் சரளமாக வராது. ஆனால் எத்தனை சுற்று என்று விரலைக் காட்டுவார், அவர்களும் விரலைக் காட்டுவார்கள். ஏப்ரல் வரை ஒரு நாள்கூட விடவில்லை.

அடுத்தமுறை அவர் வந்தபோது மால் இல்லை, மண்மேடு இருந்தது. அதற்கடுத்த முறை பெல்மார் இருந்தது. சனவரியில் கூட்டிப்போனேன். நடைபாதையில் உப்புத் தூவியிருந்தார்கள். ஆனாலும் மூலை திரும்பினால் மலைக்காற்று முகத்தில் அறைந்தது. பத்து நிமிடத்தில் "காருக்குப் போகலாம்" என்றார். அந்த நடையை எந்தப் பார்க்கிங் கட்டடத்தில் தொடங்கினோமோ அங்கேயே முடித்தோம்.

கயல்விழியின் தாயார் எந்த மாதங்களில் இருந்தார்? நடக்கத்தக்க ஊர் என்றால் எந்த மாதத்தில் நடக்கத்தக்கது, எந்த வயதில் நடக்கத்தக்கது? இளைஞர்கள் மே மாதத்தில் நடந்து பார்த்துவிட்டு எழுதுகிறார்கள். குரூன் பிழையே செய்தார் என்றாலும், மினசோட்டாக் குளிருக்குக் கூரை வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

துரைசிங்கம், இரவு 8:30

மாணிக்கவேல், உங்கள் தகப்பனாரின் கதையை வாசித்தபோது என் மாமாவை நினைத்துக்கொண்டேன். இங்கேயும் அதே வெள்ளைக் காலணிகள்தான். கூரையை இடிப்பதற்கு முன் முதியவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

கயல்விழி, இரவு 8:52

அப்பாவின் கதை என்னையும் தொட்டது, ஐயா. ஆனால் அவரை மாலுக்குக் கூட்டிப்போனவர் எதில் கூட்டிப்போனார்? காரில். அந்த முதியவருக்குக் கண்பார்வை மங்கி வண்டி ஓட்ட முடியாமல் போயிருந்தால் அப்பா மறுநாளே சன்னலுக்குத் திரும்பியிருப்பார். என் அம்மா யாரையும் எதிர்பார்க்கவில்லை. அவர் இருந்தது செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை. நீங்கள் கேட்ட பனிமாதங்கள்தான். பனி கொட்டிய நாள்களில் அவர் போகவில்லை. வெயில் வந்த மறுநாள் போனார். டென்வர் பகுதியில் அந்த வெயில் பெரும்பாலும் மறுநாளே வந்துவிடும் என்பது உங்களுக்கும் தெரியும்.

குடியுரிமை பற்றிய சொல்லை நீங்கள் இன்னும் திரும்பப் பெறவில்லை.

மாணிக்கவேல், இரவு 9:10

உண்மையைச் சொன்னேன், திரும்பப் பெற அதில் ஒன்றுமில்லை. எண்ணிக்கைக்கும் இதுவரை பதில் இல்லை.

இளம்பரிதி, இரவு 9:20

எண்ணிக்கைதான் வேண்டும் என்றால் எண்ணிவிடுவோம். வருகிற சனிக்கிழமை மாலை நான்கிலிருந்து ஆறு வரை நானும் கயல்விழியும் சதுக்கத்தில் நிற்கிறோம். நடந்து வருகிறவர்களை நான் எண்ணுகிறேன். நீங்கள் பார்க்கிங் கட்டடத்தின் வாயிலில் நின்று கார்களை எண்ணுங்கள்.

மாணிக்கவேல், இரவு 9:34

சதுக்கத்தில் நின்று எண்ணினால் பார்க்கிங்கிலிருந்து நடந்து வருகிறவர்களையும் நடந்து வந்தவர் கணக்கில் எழுதிவிடுவீர்கள். ஒப்ப மாட்டேன். எண்ண வேண்டிய இடம் வாட்ஸ்வொர்த்தும் அலமீடாவும் சந்திக்கும் முனை. சனிக்கிழமை மாலை கூடாது. சாதாரண செவ்வாய்க்கிழமை காலை எண்ண வேண்டும். அதுவும் சனவரியில்.

கயல்விழி, இரவு 9:41

பெல்மாருக்குள்ளேயே குடியிருப்பவர்கள் அந்த முனையை ஏன் கடந்து வர வேண்டும்? அவர்கள் மாடிப்படி இறங்கினாலே கடைத்தெருதான். அந்த முனையில் எண்ணினால் என் அம்மா உங்கள் கணக்கில் வரவே மாட்டார்.

மாணிக்கவேல், இரவு 9:50

அவரைத்தான் காலையிலேயே எழுதிக்கொண்டேனே. மற்றவர்களைக் கேட்கிறேன். அந்த வீடுகளில் குடியிருப்பவர்களுடைய கார்களும் அதே பார்க்கிங் கட்டடத்தில்தானே நிற்கின்றன? அதற்குப் பதில் சொல்லுங்கள்.